பதினாலாம் நம்பர் எலி

அவர் தயிர் வாங்குவதை ஒரு தடவை பார்த்தவர்கள் அவரோடு பழக ஆசைப்பட மாட்டார்கள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலை ஒட்டிய கடையில் பாக்கெட்டை வாங்கித் தேதியைப் படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படிப்பார். அதோடு விட்டாரா? பாக்கெட்டைக் கடைக்காரரிடமே நீட்டி, "நீங்க ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க" என்பார். இரண்டு பேர் படித்ததும் ஒத்துப்போனால்தான் தயிர் பைக்குள் போகும்.

"இன்னா மேடம், டெய்லி இதே பேஜாரா கீது. நான் இன்னா தேதிய அழிச்சி எழுதிக்கினா இருக்கேன்?" என்று கடைக்காரர் ஒருநாள் எகிறினார்.

"நீங்க அழிக்கலைங்க. நான் தப்பாப் படிச்சிருக்கலாம்ல?" என்றார் இவர், சாவகாசமாக.

அன்றைக்கு ஆய்வறைக்குப் பஞ்சு வாங்கவென்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பின்னால் நாலு பேர் முணுமுணுக்க, நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் நான். கூட வந்த பாவத்துக்கு எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

தாம்பரத்தில் ஒரு பழைய கல்லூரி. அதன் விலங்கியல் துறையில் அவர் பேராசிரியர். அதே துறையில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அருங்காட்சியக அறையில் எனக்கு வேலை. செத்த எலி, அணில், வௌவால் எது வந்தாலும் தோலை உரித்து, பஞ்சு அடைத்துத் தைத்து, அலமாரியில் படுக்க வைப்பேன். பாடம் செய்வது என்று அதற்குப் பெயர். நான் பம்மல்காரி. அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் இருந்தவர். அந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு எலித்தோல் என்ன பிரமாதம்? வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது, அவருக்கு நாற்பது. கடைசிவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டியா?" என்பார்.

எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பி வரும். "பாத்தியா, நெனச்சியா?"

பியூன் லீவு மேடம் என்றால் கேள்வி. வெளியே மழை மேடம் என்றால் கேள்வி. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர் மேடம்" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எத்தனை வருஷமாப் பாக்கறே?" என்றார்.

"பதினாறு வருஷமா மேடம்."

"அப்ப ஓரளவு சொல்லலாம்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

விலங்கியல் துறையில் அலமாரிக்கு வெளியே திரிகிற ஒரே பிராணி, சந்தேகப் பிராணி என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். கண்டுகொள்ளவே மாட்டார். எலியின் வாலை அவர் மூன்று தடவை அளப்பார். பிறகு நான் அளக்க வேண்டும். பிறகு யாராவது ஒரு விரிவுரையாளர் அந்தப் பக்கம் போனால் அவரையும் பிடித்து உட்கார வைப்பார். ஒருவர் எழுதிய எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. மூன்று சீட்டையும் கடைசியில் விரித்துப் பார்ப்பார். பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சலுகை. எலி ஒன்று வந்தால் அதற்கு ஒரு நம்பர் உண்டு. உரித்த தோலின் பின்னங்காலில் அந்த நம்பர் எழுதின கெட்டித்தாள் சீட்டு ஒன்று. மண்டையோட்டின் தாடையில் அதே நம்பரில் இன்னொன்று. பென்சிலால்தான் எழுதுவோம், மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தோல் ஒரு பெட்டிக்கும் மண்டை இன்னொரு பெட்டிக்கும் போய்விடும். அப்புறம் இது அதனுடையது என்று சொல்ல அந்தச் சீட்டை விட்டால் வேறு நாதி கிடையாது. அந்தச் சீட்டுகளை எழுதுவதும் கட்டுவதும் நான். அதை அவர் திருப்பிப் பார்க்க மாட்டார். "சீட்டு இவ கையில. அதுல எனக்குக் கேள்வியே இல்ல" என்று துறைத்தலைவரிடம் என் முன்னாலேயே சொன்னார். ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை. வீட்டுக்காரர்கூட, "இன்னாம்மே, இன்க்ரிமெண்ட்டு கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

இனி எலி.

பீர்க்கன்கரணை ஏரிக்கு அப்பால் சரளைக்கல் மேடு ஒன்று இருந்தது. பிளாட் போட்டு வெள்ளைக்கல் நட்டிருந்தார்கள். வீடு ஏதும் வரவில்லை. அங்கே அவர் ஒரு வளையைப் பார்த்தார். இரண்டு விரல் நுழைகிற அகலம். வாசலில் பட்டாணி அளவுக் கற்கள். வளை வாசலில் கல் குவிக்கிற சுண்டெலி நம் பக்கத்தில் உண்டு, அது அதிசயம் இல்லை என்று அவரே சொன்னார். ஆனால் இந்த வளையில் கற்கள் வெளியே குவிந்து கிடக்கவில்லை. உள்ளேயிருந்து கதவு சாத்தின மாதிரி அடுக்கி இருந்தது. அது அவரை உறுத்திவிட்டது.

இரண்டு மாதம் விடிகாலையில் நாங்கள் இருவரும் போய்க் கூண்டு வைத்தோம். சுடிதார் எல்லாம் செம்மண்ணாக அவர் குப்புறப் படுத்து வளைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார். மனை புரோக்கர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னா மேடம், எடம் அளக்கறீங்களா? எந்தப் பார்ட்டி நீங்க?"

"எலி பாக்கறோம்" என்றார் இவர், படுத்தபடியே.

"யார்கிட்ட கத வுடறீங்கோ? எலி பாக்கறதுக்கு ரெண்டு லேடீஸ் டேப்பு எட்துகினு வருவீங்களா?"

டேப் எலி வாலை அளக்க என்று நான் சொன்னேன். அதைக் கேட்டதும் அந்த ஆளுக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களைப் பார்த்தபடியே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடத்துக்குக் கோபமே இல்லை. "சந்தேகப்படட்டும். நல்ல பழக்கம்" என்றார்.

இருபது எலி வரை பிடித்தோம். பதினாலாவது கூண்டைத் திறந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. முதுகு மயிர் மற்றதைப்போல முள்ளாக இல்லாமல் மெத்தென்று இருந்தது. பின்னங்கால் நீளம். வாலின் அடிப்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

"மேடம், இது வேற ரகம்!"

"பாத்தியா, நெனச்சியா?"

"ஐயோ, நீங்களே பாருங்க மேடம்."

பார்த்தார். அளந்தார். மூன்று தடவை. நானும் அளந்தேன். அப்புறம் சரளைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷமா எலி பாக்கறேன்" என்றார். ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார்.

ஒரு பிராணிக்குப் புதுசாகப் பெயர் வைப்பது என்றால் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி சுலபம் இல்லை. ஒரே ஒரு எலியை எடுத்து, இதுதான் இந்த இனத்துக்கு அத்தாட்சி என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும். தோல் மட்டும் போதாது. மண்டையும் பல்லும் கூட, நான் வேற, நான் வேற என்று சாட்சி சொல்ல வேண்டும். அப்போதுதான் கட்டுரை அச்சாகும், பெயர் நிற்கும். இரண்டாவது எலி கிடைத்தால் இன்னும் பலம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே மேட்டில் ஜேசிபி இறங்கிவிட்டது. மேடு போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்தது. அதன் பிறகு வருஷா வருஷம் ஏரியைச் சுற்றி அவர் கூண்டு வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட மாட்டவில்லை. அவருடைய முப்பது வருஷமும் அந்தப் பதினாலாம் நம்பர் ஒன்றின்மேல் வந்து நின்றுவிட்டது.

அதில்தான் நான் மண்ணைப் போட்டேன்.

மண்டையோட்டைச் சுத்தம் செய்ய எங்கள் அறையில் வண்டுப் பெட்டி ஒன்று உண்டு. கறியோடு மண்டையை உள்ளே வைத்தால் குட்டிக்குட்டி வண்டுகள் சதையை எல்லாம் தின்று எலும்பை மட்டும் விட்டுவைக்கும். அன்றைக்குப் பதினாலாம் நம்பரையும் பதினேழாம் நம்பரையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். வைத்திருக்கக் கூடாது. மகளுக்கு அட்மிஷன் விஷயமாக இரண்டு நாள் லீவு போட்டு அலைந்துவிட்டு, மூன்றாம் நாள் வந்து திறக்கிறேன், பகீரென்றது. சதை தீர்ந்துபோய் வண்டுகள் நூலையும் கடித்துவிட்டன. மண்டை இரண்டும் தனியாகக் கிடக்கின்றன, சீட்டு இரண்டும் தனியாகக் கிடக்கின்றன.

எது எது? கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மண்டைகள். வலது பக்கம் கிடந்தது பதினாலாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அந்தப் பக்கம்தான் வைத்தேன் என்று ஒரு நினைப்பு. புது நூல் எடுத்துக் கட்டிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நிரந்தரம் ஆகாத வேலை எனக்கு. போதாததற்கு, எனக்குக் கேள்வியே இல்லை என்று அவர் சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது. சொல்ல வாய் வரவில்லை, அதுதான் உண்மை.

மேடம் மண்டைகளை லென்ஸின் கீழே வைத்துப் பார்த்தார். பதினாலாம் நம்பரின் தோல் புதுசு, மண்டை ஊரில் இருக்கிற சாதாரணச் சுண்டெலி மண்டை. பதினேழின் தோல் சாதாரணம், மண்டையோ குறுகலாக, பல்லில் கூடுதலாக ஒரு மேட்டோடு, எதிலும் சேராமல் இருக்கிறது. இதை எல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. துறைத்தலைவர்தான் நடையில் நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு சுண்டெலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ஒண்ணுல தோல் கொஞ்சம் வித்தியாசம், இன்னொண்ணுல பல் கொஞ்சம் வித்தியாசம். மனுஷங்கள்ல இல்லையா? விட்டுத் தள்ளுங்க மேடம்."

"வேற ஊர் லேபுக்கு அனுப்பி ஜீன் பாத்துடலாமே" என்றும் அவரே சொன்னார். அதற்கென்று எலிகளின் ஈரல் துண்டுகளை எடுத்து வைத்திருந்த குளிர்பெட்டி அந்த வருஷத்து மழைக்கு நாலு நாள் கரண்ட் இல்லாமல் நாறிப்போயிருந்தது. மண்டையையே அனுப்பலாம் என்றால், துளை போட்டால் பொடியாகிவிடும், அதுவும் கூரியரை நம்பி அனுப்புவதா என்று மேடம் மறுத்துவிட்டார்.

கட்டுரை பாதியில் நின்றது. மேசைமேல் மூன்று வருஷம், நான்கு வருஷம் அதே கட்டு. "அனுப்பியாச்சா மேடம்?" என்று எப்போதாவது கேட்பேன். "இன்னும் இல்ல. ஒரு சின்ன சந்தேகம்" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். கண்டுபிடித்துவிட்டாரா? கண்டுபிடித்தால் ஏன் கேட்கவில்லை? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் குறுகுறுப்பு இல்லை, குடைச்சல். அவர் நூல் கேட்டால் சந்தேகம். நூல் கேட்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். என் கையெழுத்து உள்ள பழைய நோட்டை ஒருநாள் எடுத்துப் பார்த்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவே அவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். என் மகளுக்கு ஒரு காய்ச்சல். ஏதோ ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். சர்க்கரை எக்கச்சக்கம், உடனே ஊசி போட வேண்டும் என்று ரிசல்ட் வந்தது. பதினேழு வயசுப் பெண்ணுக்கா என்று நான் அறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். மேடம் பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"ட்யூப்ல பேர் ஒட்டினது யாரு?"

"லேப்காரப் பொண்ணு மேடம்."

"ஒட்டும்போது பாத்தியா?"

"இல்ல மேடம். உள்ள எடுத்துகினு பூட்டா."

"அப்ப அது உன் பொண்ணு ரத்தம்னு எப்படித் தெரியும்? எழுந்திரு."

அவரே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். வேறு இடத்துக்குக் கூட்டிப்போய், ரத்தம் எடுத்து, பெயர் ஒட்டுகிறவரை பக்கத்திலேயே நின்றார். ஒட்டினவரிடம் பெயரைப் படிக்கவும் சொன்னார். அவர் முறைத்தார், ஆனாலும் படித்தார். மகளுக்குச் சர்க்கரையும் இல்லை ஒன்றும் இல்லை. முதல் லேபில் யாரோ ஒருவருடைய ட்யூபில் இவள் சீட்டு ஏறியிருக்கிறது. வீட்டுக்காரர் மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். "சீட்டு மாறினா ஒரு உயிரே மாறிடும்" என்றார் மேடம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைக் குத்திக் காட்டுகிறாரா, வெறுமனே சொல்கிறாரா? அன்று முழுக்க இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லவேண்டிய நேரத்தில் சந்தேகப்பட்டேன் பாருங்கள், அப்படி ஆக்கி வைத்திருந்தது அந்த எலி.

பேயோடு பழகினால் பேய்க்குணம் வரும். எனக்கும் சந்தேக புத்தி வந்துவிட்டது. மண்டையோட்டுப் பெட்டியின் மூடியில் என் தலைமயிர் ஒன்றை வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் பார்த்தால் இருக்காது. அப்படியென்றால் திறந்திருக்கிறார். சீட்டை மாற்றிக் கட்டிவிட்டாரோ என்று நடுங்கிப் பார்ப்பேன். நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கும். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. யோசித்துப் பார்த்தேன். சாவி அவரிடம். லென்ஸ் அவரிடம். மாற்றிக் கட்ட ஒரு நிமிஷம் போதும். கேட்பதற்கு ஆளில்லை. மாற்றினால் எலி ஜெயித்துவிடும் என்று அவருக்குத் தெரியும் என்றால், ஏன் சும்மா பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்? தெரியாது என்றால், ஏன் தினம் திறக்கிறார்?

அவர் ஓய்வுபெறுகிற மாதம் வந்தது. அவர் சேர்த்த எலிகள் எல்லாம் வெளியூரில் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போகிறதாக ஏற்பாடு. அங்கே போய்ப் பதிவேட்டில் ஏறிவிட்டால் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் வேதவாக்கு. நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே தாம்பரம் ரயில் யார்டில் எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. பதின்மூன்றை வைத்தேன். பதினாலை எடுத்த கை கீழே இறங்க மறுத்தது.

"மேடம்" என்றேன்.

"ம்."

"பதினாலும் பதினேழும்... சீட்டு நான் கட்டினதுதான். ஆனா நூல வண்டு கடிச்சிடுச்சி மேடம். ரெண்டும் தனியா கெடந்துது. எது எதுன்னு நான் பாக்கல. வலது பக்கம் இருந்தது பதினாலுன்னு நானா கட்டிட்டேன். மாறிச்சா, சரியாவே இருக்கா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. வேலை போயிடும்னு வாயத் தொறக்கல."

பட்டாசு வெடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து கவர் ஒன்றை எடுத்தார். ஒட்டின இடத்தில் குறுக்கே துறைத்தலைவர் கையெழுத்தும் தேதியும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே வாங்கிவைத்த கையெழுத்தாம். தேதி ஐந்தரை வருஷத்துக்கு முந்தியது. நான் சீட்டு கட்டி மூன்று வாரம்தான் ஆகியிருக்கும்.

துறைத்தலைவரைக் கூப்பிட்டு அவர் முன்னால் பிரித்தார். பென்சிலில் நாலு வரி. 'பதினாலு, பதினேழு மண்டையோடுகள் மாறியிருக்கலாம். பல் தேய்மானத்தில் தெரியும் வயது தோலின் வயதோடு ஒத்துவரவில்லை. சீட்டு கட்டியவரைக் கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் மட்டும் இதைப் பிரிக்கவும்.'

துறைத்தலைவர் படித்துவிட்டு வெளியே போனார். எனக்குத் துக்கம் எல்லாம் எங்கோ போய், வந்ததே ஒரு கோபம்!

"அஞ்சரை வருஷம் மேடம்! அஞ்சரை வருஷமா நான் தினம் செத்துகினு இருக்கேன். தெரிஞ்சுகினே பாத்துகினு இருந்தீங்களா? ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"ஆமா மேடம், மாத்திட்டேன்னு சொல்லியிருப்பேன்!"

"மாத்தினியா?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல!"

"அதான்" என்றார். "எனக்கு அந்த எலி எவ்வளவு முக்கியம்னு உனக்குத் தெரியும். நான் கேட்டா, தெரியாததத் தெரியும்னு எனக்காகச் சொல்லிடுவே. அது சாட்சி இல்ல, விசுவாசம். விசுவாசத்த வெச்சு எலிக்குப் பேர் வைக்க முடியாது."

"நீங்களே மாத்திக் கட்டியிருக்கலாமே? சாவி உங்ககிட்டதானே இருந்துது?"

"சீட்டு இருக்கறவரைக்கும் சீட்டுதான் சட்டம். அது தப்புன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. கட்டினவளுக்குத்தான் இருக்கு. நீ தெரியாதுன்னு சொல்லிட்ட இல்ல, இப்ப சீட்டு செல்லாது. இனிமே பல்லு பேசட்டும், தோல் பேசட்டும்."

நடந்ததை எல்லாம் என் கையால் எழுதச் சொன்னார். எழுதும்போது அவர் அறையில் இல்லை. வேண்டுமென்றே வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பிறகு எலி ஆராய்ச்சி தெரிந்த வெளியூர் ஆட்கள் இருவரை வரவழைத்தார். கதை எதையும் சொல்லாமல், சீட்டை மறைத்து, தோல்களையும் மண்டைகளையும் காட்டினார். ஒருவருக்கு ஒருவர் பேசிக்கொள்ளாமல் இரண்டு பேரும் அந்தக் குறுகல் மண்டையைப் பதினாலாம் தோலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார்கள்.

என் ஊகம் தப்பு. இடது பக்கம் கிடந்ததுதான் பதினாலு.

கட்டுரை அச்சாகி வந்தபோது அவர் ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். காபி போட்டு வைத்துவிட்டு ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு வரியில் என் பெயர். சுத்தம் செய்கையில் மண்டையோடுகள் இடம் மாறின, பாடம் செய்தவர் தாமாகத் தந்த வாக்குமூலத்தால் திருத்தப்பட்டது என்று அதற்கு அர்த்தமாம். என் பெயர் அச்சில் வந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான், அதுவும் என் தப்போடு. சிரிப்பதா, அழுவதா? எலிக்கு ஒரு நீளப் பெயர் வைத்திருந்தார். கல் அடுக்குகிறது என்று பொருள் வருமாம். என் வாயில் நுழையவில்லை.

ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "மேடம், நான் அன்னிக்கும் வாயத் தொறக்கலைன்னா? பொட்டி அப்படியே ஊருக்குப் போயிருந்தா?"

"அப்ப இந்த எலி இல்ல" என்றார்.

"இருக்கற எலிய இல்லைன்னு ஆக்கிட்டு நீங்க நிம்மதியா இருந்திருப்பீங்களா?"

"நிம்மதின்னு யார் சொன்னா?" ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தினம் காலையில நீ கதவத் தொறந்துகிட்டு உள்ள வருவே. இன்னிக்குச் சொல்லிடுவே, இன்னிக்குச் சொல்லிடுவேன்னு பென்சில சீவி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நீ குட்மார்னிங் சொல்லிட்டு, பஞ்சு தீந்துபோச்சு மேடம்னுவே. அஞ்சரை வருஷம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காபி ஆறுகிறது, குடி என்றார்.